அதிரும் பெடல்

ஆகஸ்ட் 12, திங்கள்

தூக்கம்: ஆறரை மணி நேரம். சாப்பாடு: இட்லி நான்கு. தலைசுற்றல்: உண்டு.

இந்த மூன்றையும் தினம் எழுத வேண்டும் என்று சொல்லி நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் ஜெசிந்தா மேடம். இந்தப் பரிசோதனைக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். "மிச்ச இடத்துல என்ன தோணுதோ எழுதுங்கண்ணா. நாங்க இந்த மூணு மட்டும்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவோம்" என்றார். மிச்ச இடம் நிறைய இருக்கிறது. இருபத்தேழு வருடம் ட்ரிப் ஷீட் எழுதிய கை, கோடு போட்ட தாளைப் பார்த்தால் சும்மா இருக்காது.

இடம் ஒரகடம். குளிர்பதன அறைக்குள் ஒரு காரைக் குறுக்கே அறுத்து முன்பாதியை மட்டும் மேடை மேல் வைத்திருக்கிறார்கள். எதிரே சுவர் உயரத்துக்கு மூன்று திரைகள். சாவியைத் திருகினால் திரையில் ரோடு ஓடுகிறது. வண்டி நகர்வதில்லை, நம் வயிறு மட்டும் நகர்கிறது. என்னைப் போல் பழம் தின்று கொட்டை போட்ட டிரைவர்கள் பதினாறு பேரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். முதல் நாளே இரண்டு பேர் வாந்தி. ஆளுக்கொரு இஞ்சி மிட்டாய் கொடுத்தார்கள்.

"இது எதுக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"ஏபிஎஸ் பிரேக் இருக்கிற வண்டியில, அவசரத்துக்கு நம்ம டிரைவர்ங்க எப்படி மிதிக்கிறாங்கன்னு பாக்கறோம்ணா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக்கை மிதிப்பதில் என்ன எப்படி? காலால்தான். சம்பளம் கொடுத்து இதை ஆராய்ச்சி செய்கிறார்கள். செய்யட்டும். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரே ஒரு விபத்து. அதுவும் என் தவறு இல்லை என்று கோர்ட்டே விட்டுவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தூக்கம்: ஏழு. சாப்பாடு: பொங்கல். தலைசுற்றல்: கொஞ்சம். காய்ந்த ரோட்டில் வெறுமனே ஓட்டச் சொன்னார்கள். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

தூக்கம்: ஏழு. சாப்பாடு: தோசை மூன்று. தலைசுற்றல்: இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டீவி மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள். பிச்சாண்டியின் மகள் கோமளாவுக்கு செப்டம்பர் 15, ஞாயிறு, உத்திரமேரூரில் கல்யாணம். பிச்சாண்டி என் மனைவி அஞ்சுகத்தின் தம்பி. தானே வராமல் உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். வந்தால் அக்கா கதவைத் திறக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

"பத்திரிகையப் பாத்தீங்களா? எவ்ளோ தைரியம் பாருங்க அவனுக்கு" என்றாள் அஞ்சுகம்.

"உன் தம்பிதானே."

"தம்பியா? பிரேக்கை ஒழுங்காப் பாக்காம உங்கள ஜெயில் வாசல்ல நிக்க வெச்சவன். எனக்குத் தம்பியே பொறக்கலன்னு நெனச்சிக்கிட்டேன்."

காஞ்சிபுரத்தில் ஒரே டிராவல்ஸில் அவன் மெக்கானிக், நான் டிரைவர். புது வண்டி வந்து ஏழாம் மாதம். அவன் பிரேக் ஆயிலும் பேடும் மாற்றிக் கொடுத்த இரண்டாம் நாள். செய்யாறு ரோட்டில் நல்ல மழை. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. மிதித்தேன். பெடல் என் காலை உதைத்துத் தள்ளியது. பிரேக் பிடிக்கவில்லை. மொபெட்டில் வந்த அம்மா அங்கேயே போய்விட்டார். என் வண்டி புளியமரத்தில் மோதி, பிரேக் ஆயில் பைப் அறுந்து, எல்லாம் ரோட்டில் ஊற்றிவிட்டது. வந்து பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டராலும் இன்ன கோளாறு என்று சொல்ல முடியவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று நான் போலீசில் சொன்னேன், முதலாளியிடம் சொன்னேன், கூண்டில் ஏறிச் சொன்னேன். சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்தார்கள். பிச்சாண்டிக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் எந்த ஷெட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை. 'பிரேக் பிச்சாண்டி' என்று பட்டப்பெயர் வேறு வைத்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது. நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன், கூப்பிட்டால் போகும் ஆக்டிங் டிரைவராகக் காலம் ஓடுகிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோமளா பத்து வயது வரை அஞ்சுகத்தின் இடுப்பிலும் மடியிலும் வளர்ந்த பெண். பத்திரிகையை அஞ்சுகம் குப்பையில் போடவில்லை. டீவி மேலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தூக்கம்: ஆறு. சாப்பாடு: இட்லி மூன்று. தலைசுற்றல்: உண்டு.

இன்று மழை வைத்தார்கள். திரை முழுக்க மழை, வைப்பர் அடிக்கிறது. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மாடு. மிதித்தேன்.

பெடல் உதைத்தது.

காலுக்கு அடியில் கடகடவென்று ஒரு அதிர்வு, பாதத்தைத் தள்ளிவிடுகிற மாதிரி. எனக்கு அது தெரியும். காலை எடுத்தேன், மறுபடி மிதித்தேன், மறுபடி எடுத்தேன். மாட்டை இடித்து நின்றது. இறங்கி வந்து, "மேடம், உங்க மெசின்ல பிரேக் கோளாறு. பெடல் தள்ளுது. ஆளைக் கூப்ட்டு பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கோளாறு இல்லண்ணா. அதான் ஏபிஎஸ். அது வேலை செஞ்சா பெடல் அப்படித்தான் அதிரும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

உடம்பு சரியில்லை என்று போன் செய்து சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தூக்கம்: மூன்று. சாப்பாடு: டீ. தலைசுற்றல்: இல்லை.

என் காலின் படத்தை மேடம் காட்டினார். கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கமும் நான் காலை எடுத்த இடம். பதினாறு பேரில் பதினொரு பேருக்கு இதே கோடுதானாம்.

"பழைய வண்டியில ஈர ரோட்டுல ஒரேயடியா மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும், வண்டி சறுக்கும். அதனால விட்டு விட்டு மிதிப்பீங்க, இல்லையாண்ணா? இதுல அந்த வேலைய வண்டியே செய்யுது. நம்ம காலால முடியாத வேகத்துல செய்யுது. அந்த அதிர்வுதான் உங்களுக்குத் தெரியுது. நீங்க அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். பயந்து காலை எடுத்தீங்கன்னா அந்த நேரத்துக்குப் பிரேக்கே இல்ல."

"எடுக்கலன்னா?"

"நின்னிருக்கும்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! பிறகு கேட்டார், "நீங்க புது வண்டி ஓட்டினீங்களே, அப்ப ட்ரெயினிங் எதுவும் குடுக்கலையா?"

"குடுத்தாங்க மேடம். ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குது" என்றேன்.

இருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தூக்கம்: நான்கு. சாப்பாடு: சரியாக இல்லை. தலைசுற்றல்: இல்லை.

இந்த நோட்டில்தானே, எழுதிவிடுகிறேன். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை.

புது வண்டிகள் வந்த வாரம், கம்பெனி ஆட்கள் வந்து அரை நாள் வகுப்பு எடுத்தார்கள். கிளீனராக இருந்த நாளிலிருந்து வண்டியிலேயே கிடப்பவன் நான். எனக்குப் பிரேக் மிதிக்கச் சொல்லித்தருவார்களாம். எனக்கு ரோஷம். பிச்சாண்டியிடம், "மச்சான், எனக்கும் சேத்து ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் நின்ற வேனில் படுத்துத் தூங்கினேன். நல்ல தூக்கம் என்று நினைவிருக்கிறது.

கேஸ் நடந்தபோது முதலாளி அந்த ரிஜிஸ்டரைக் காட்டினார், டிரைவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று. பிச்சாண்டி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். 'மாமா பெயரில் நான்தான் போட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தூக்கம்: நான்கு. இன்றைக்கு மூன்று முறை மழை. மூன்று முறையும் அதிர்ந்தவுடன் காலை எடுத்துவிட்டேன். தெரிந்தும் எடுக்கிறேன். கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

உத்திரமேரூர் போய் வந்தேன். அஞ்சுகத்திடம் வண்டி ஓட்டப் போவதாகச் சொன்னேன்.

பிச்சாண்டி ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேன். நல்ல மெக்கானிக்கின் கை, இப்போது லாரி உள்ளே வந்தால் கேட்டைத் திறக்கிறது. என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டான். இளைத்துவிட்டான். தலை முழுக்க நரை. என்னைவிட எட்டு வயது சின்னவன்.

பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். பெடல் அதிர்வதைச் சொன்னேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா மச்சான்?"

"பெடல் ஒதச்சிதுன்னு நீங்க ஆஸ்பத்திரில சொன்னப்பவே தெரியும் மாமா."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நீங்க உள்ள போயிட்டா எங்கக்காதானே நடுத்தெருவுல நிக்கும். எனக்கு வேலைதானே போச்சி. வேற எடத்துல கெடைக்கும்னு நெனச்சேன்." கேட் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "கெடைக்கல."

கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கையெழுத்தோட வுடல மாமா. கிளாஸ் முடிஞ்சி வந்து உங்கள எழுப்பிச் சொன்னேனே. பெடல் அதிரும், பயப்படாதீங்க, அமுக்கியே புடிங்கன்னு. சரி சரின்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கினீங்க."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவன் பொய் சொல்கிறவனும் இல்லை.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டான். "இப்ப போயி யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம் மாமா. முடிஞ்சது முடிஞ்சிபோச்சி. அக்கா மட்டும் கல்யாணத்துக்கு வந்தா போதும். கோமளா தெனம் கேக்குது, அத்தை வருமா வருமான்னு. நலங்குக்கு மொதல்ல அத்தைதான் மஞ்சள் வெக்கணும்னு அடம் புடிக்குது. எப்டியாவது அனுப்பி வைங்க."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

தூக்கம்: இரண்டு. சாப்பாடு: மோர் சாதம். தலைசுற்றல்: இல்லை.

"ஒரு எட்டுப் போயிட்டு வந்துடேன். பொண்ணு இன்னா பண்ணுச்சி?" என்று அஞ்சுகத்திடம் சொல்லிப் பார்த்தேன்.

"உங்களுக்கு மனசு பெருசு, மன்னிச்சிட்டீங்க. எனக்கு அப்டி வராது. அந்தக் கேஸ் நடந்த ஒன்றரை வருசமும் நான் சோறு தின்னேன்னா நெனக்கிறீங்க? உங்க உயிருக்கு ஒலை வெச்சவன் வூட்டுல நான் எல போட்டு உக்காந்து தின்னணுமா?"

எனக்கு மனசு பெரிசாம்.

ரேஷன் கார்டு தேடி பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. வெள்ளிக் கொலுசு, புதுசு. அவளுக்கு வாங்கியது இல்லை. அவள் கொலுசு போடுவதில்லை. முடிச்சை இருந்தபடியே வைத்துவிட்டு மூடினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "ரேஷன் கார்டு எங்க?" என்று கேட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

தூக்கம்: மூன்று. இன்று முதல் முறையாகக் காலை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். மேடம் கைதட்டினார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தூக்கம்: மூன்று. சாப்பாடு: இட்லி இரண்டு. தலைசுற்றல்: இல்லை.

என் முறை முடிந்த பிறகு மேடத்திடம் ஒரு உதவி கேட்டேன். மாடு வேண்டாம், மொபெட் வையுங்கள். இடது பக்கச் சந்திலிருந்து வரட்டும். மழை. ஐம்பத்தைந்து வேகம். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். புளியமரத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், தட்டச்சு செய்தார்.

மொபெட் வந்தது. மிதித்தேன். அதிர்ந்தது. அழுத்திப் பிடித்தேன். நின்றது.

திரையின் மூலையில் ஒரு எண்: 6.4.

"ஆறு மீட்டருக்கு மேல மிச்சம்ணா! சூப்பர்!" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

இன்னொரு முறை போடச் சொன்னேன். 6.1. இன்னொரு முறை. ஏழு முறை ஓட்டினேன். ஏழு முறையும் வண்டி நின்றது. ஏழு முறையும் மொபெட் எனக்கு முன்னால் ரோட்டைக் கடந்து மழைக்குள் போய்விட்டது. அதில் இருக்கிற உருவத்துக்கு முகம் வைக்கவில்லை அவர்கள்.

அந்த அம்மாவின் பெயர் வெண்ணிலா. வயது முப்பத்தொன்று. செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இதெல்லாம் கோர்ட்டில் படித்தார்கள். அவர் புருஷன் இரண்டு பையன்களோடு வராந்தாவில் நிற்பான். எனக்கு விடுதலை என்றதும் என்னிடம் வந்து, "உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க சார், வுடுங்க" என்றான். எனக்கு ஆறுதல் சொன்னான், படுபாவி. நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

பிரேக் பிடித்தது. அன்றைக்கும் பிடித்தது. பிச்சாண்டி மாற்றிய பேடு நன்றாகவே பிடித்தது. நான்தான் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

தூக்கம்: இரண்டு. இன்று சொல்லிவிடுவது என்று வந்தேன். அஞ்சுகம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நான்கு துண்டை மடித்தேன். "இன்னா, அதிசயமா இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

சாயங்காலம் இரண்டு முறை ஆரம்பித்தேன். "அஞ்சுகம், அந்த வண்டி..." என்றேன். "இன்னா வண்டி?" என்றாள். "ஒன்னுமில்ல, திங்கக்கெழம ஒரு வண்டி ஓட்டக் கூப்டறாங்க" என்றேன். மறுபடி ஒருமுறை. அப்போது மோர் கேட்டேன்.

ஒருவேளை காலையில் அவளே மனம் மாறிக் கிளம்பிவிட்டால், நான் சொல்லவே வேண்டியிருக்காது. இப்படியும் ஒரு யோசனை. வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. அஞ்சுகம் விடியும் முன்பே எழுந்து தலைக்குக் குளித்தாள். பட்டுப்புடவையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன், பழையபடி பீரோவுக்குள் போயிருந்தது. நூல் புடவையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினாள்.

ஏழரை மணிக்கும் பஸ் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆட்டோ வைத்தால் இன்னும் சீக்கிரம். நான் எதிரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

"ஆமா."

ஒன்பது மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். "தாலி கட்டியிருப்பாங்க" என்றாள் யாரிடமோ சொல்வது போல. மறுபடி கத்தரிக்காயை எடுத்தாள். ஏற்கெனவே நறுக்கியது மூன்று நாளைக்கு வரும்.

செப்டம்பர் 16, திங்கள்

தூக்கம்: இல்லை. சாப்பாடு: இல்லை. தலைசுற்றல்: இல்லை.

சொல்லிவிட்டேன்.

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பெடல், கால், வேனில் தூங்கியது, கையெழுத்து, அவன் எழுப்பிச் சொன்னது எல்லாம். முழுதாகச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கை மட்டும் அரிசியில் அப்படியே நின்றுவிட்டது.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"இருவத்தஞ்சு நாள் இருக்கும்."

"நேத்து காலையில தெரியுமா?"

"தெரியும்."

"நான் பொடவைய எடுத்து வெச்சப்போ?"

"தெரியும்."

"ஒம்போது மணிக்குக் கடியாரத்தைப் பாத்தேனே, அப்போ எதுத்தாப்புலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நேத்து சொல்லியிருந்தா போயிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான். முறத்தைக் கீழே வைத்தாள், ஒரு அரிசி சிந்தவில்லை. பீரோவைத் திறந்து மஞ்சள் முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பைப் போட்டாள். நானும் வரேன் என்றேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கடைசி நாள். நோட்டை மேடத்திடம் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து தூக்கம், சாப்பாடு, தலைசுற்றல் மூன்றையும் மட்டும் ஏற்றினார். நடுவில் விட்டுப்போன நாட்களுக்குக் குத்துமதிப்பாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். மற்றதை ஒரு வரி படிக்கவில்லை. படித்தால் தேவலை என்று பக்கங்களை மெதுவாகத்தான் புரட்டிக் காட்டினேன்.

"உங்க டேட்டா ரொம்ப நல்லா வந்திருக்கு தணிகாசலம் அண்ணா. செப்டம்பர் ஆறுக்கு அப்புறம் ஒரு தடவைகூட காலை எடுக்கல" என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து அஞ்சுகத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பிச்சாண்டிக்குப் போட்டேன்.

"அக்கா இங்கதான் இருக்குது மாமா. நேத்து வந்ததுலேருந்து வாசல்லயேதான் உக்காந்திருக்குது. உள்ள வர மாட்டேங்குது, ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது. கோமளா நேத்துக் காலையிலயே மாப்ள வூட்டுக்குப் பொறப்பட்டுப் போச்சி. அக்கா கொலுசைக் கையிலயே வெச்சிக்கினு இருக்குது. வந்ததும் என்னை ஒன்னே ஒன்னுதான் மாமா கேட்டுச்சி. உனக்கும் தெரியுமாடான்னு. தெரியும்னு சொன்னேன். அப்பத்துலேருந்து என் மூஞ்சியையும் பாக்கல."

அக்காவிடம் போனைக் கொடு என்றேன். கொடுத்தான். அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.